இல்லந்தோறும் எடுத்த கணக்கு

(மல்லசமுத்திரத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பருத்தியும் நிலக்கடலையும் மரவள்ளியும் விளையும் மேட்டுக்காடுகளின் நடுவே, தறியோசையும் லாரியோசையும் ஓயாத ஒரு வட்டாரத்தில், பொருளியல் பற்றிய பேச்சைக் கேட்க இத்தனை பேர் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சியையும், உண்மையைச் சொல்வதானால், சிறிது அச்சத்தையும் தருகிறது. கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் பருத்தி ஏலத்தில் தம் மூட்டைகளுக்கு என்ன தொகை வந்தது, அதில் ஏற்றுகூலி எவ்வளவு, எடுப்புக்கூலி எவ்வளவு, கையில் நிற்பது எவ்வளவு என்பதைக் கொட்டகையை விட்டு வெளியே வருமுன் மனக்கணக்காகவே போட்டு முடிக்கும் ஜனங்களின் முன்னே நின்று, எண்களைப் பற்றி உபதேசிப்பது எளிய காரியமன்று.

இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம், வீடு வீடாகச் சென்று, அவ்வீட்டார் என்ன உண்கிறார்கள், என்ன உடுக்கிறார்கள், எதை உடைமையாக வைத்திருக்கிறார்கள், யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதி, அவ்வெழுத்திலிருந்து சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வை அளக்க முயலும் குடும்பக் கணக்கெடுப்பு முறை. ஏற்றத்தாழ்வு என்பது எல்லோருடைய கண்ணெதிரிலும் இருப்பதே. ஆயினும் அதன் அளவு கேட்டாலன்றித் தெரியாது. கேட்கும்போதும், யாரை, எதை, எவ்விதம் கேட்கிறோமோ அதற்குத் தக்கபடியேதான் தெரியும். ஆகையால் கணக்கின் நேர்மை கூட்டலிலும் கழித்தலிலும் தொடங்குவதில்லை, கேள்வியில் தொடங்குகிறது என்பதே நான் இன்று நிலைநாட்ட விரும்பும் அபிப்பிராயம்.

நம் மாவட்டத்தில் ஒரு பழைய விசாரணை

இத்தகைய விசாரணை இந்த மண்ணுக்குப் புதியதன்று. ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராயிருந்தபோது, 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் தன்னுள் அடக்கியிருந்த அப்பெரிய மாவட்டம் அவருக்கு நன்கு பழகிய பூமி; திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமத்தை நிறுவி, பஞ்ச காலத்தில் நூல் நூற்று ஜீவித்த குடும்பங்களை அவர் அண்மையிலிருந்து கண்டவர். சட்டம் வந்தபின், அதனால் எளியோர் வாழ்க்கையில் நேர்ந்த மாறுதலை அறியும்பொருட்டுப் பொருளியல் ஆய்வாளர்கள் இம்மாவட்டத்துக் கிராமங்களுக்கு வந்து குடும்பங்களின் வரவு செலவுக் கணக்குகளைத் திரட்டினார்கள். கள்ளுக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த காசு அடுப்புக்கு வந்ததா, துணிக்கு வந்ததா, கடனை அடைக்கச் சென்றதா, அல்லது வேறு வழியில் கரைந்ததா என்பது அவர்கள் முன் நின்ற கேள்வி. மேடைப் பிரசங்கங்களால் தீராத ஒரு வழக்கை வீட்டுக் கணக்கைக் கொண்டு தீர்க்கலாம் என்று கருதிய அந்த எண்ணம் மெச்சத்தக்கது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடித்து வந்தவர் வீட்டு வாசலில் மட்டும் நின்று கேட்டால் ஒரு முடிவு கிடைக்கும். மரமேறிக் கள்ளிறக்கி ஜீவனம் செய்துவந்தவர் வீட்டு வாசலிலும் நின்று கேட்டால், அம்முடிவோடு வேறொன்றும் சேர்ந்து கிடைக்கும். முன்னவர் வீட்டில் மிஞ்சிய காசும் பின்னவர் வீட்டில் நின்றுபோன வருமானமும் ஒரே சட்டத்தின் இரு பலன்கள். எந்த வாசலில் நிற்பது என்பதைத் தீர்மானிக்கும்போதே முடிவின் ஒரு பகுதி தீர்மானமாகிவிடுகிறது.

தெரிந்தெடுக்கும் முறை

நாட்டிலுள்ள எல்லா வாசல்களிலும் நின்று விரிவாகக் கேட்பது நடவாத காரியம். சிலவற்றைத் தெரிந்தெடுத்தாக வேண்டும். அதற்குச் சாஸ்திரீயமான வழி வகுத்துத் தந்தவர் பேராசிரியர் மகாலனோபிஸ். அவருடைய முயற்சியால் தோன்றிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் முதற்சுற்று 1950 அக்டோபரில் தொடங்கி 1951 மார்ச்சில் முடிந்தது. கணக்கெடுப்பவர் தமக்கு வசதியான வீட்டுக்கோ, ஊர்ப் பெரியவர் கைகாட்டும் வீட்டுக்கோ போகலாகாது என்பது இம்முறையின் ஆதார தர்மம். முதலில் கிராமங்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படும். பிறகு அக்கிராமத்து வீடுகள் அனைத்துக்கும், ஊருக்குள் இருக்கும் வளவுகள், காட்டுக்குள் தனித்திருக்கும் தோட்டத்துச் சாளைகள், ஒதுக்குப்புறத்துக் காலனி ஆகிய எதையும் விடாமல், ஒரு பட்டியல் எழுதப்படும். பட்டியலை வீட்டாரின் வசதிக்கேற்ப வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் சில வீடுகள் மீண்டும் குலுக்கல் முறையில் எடுக்கப்படும். 2022–23ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இவ்விதம் தேர்ந்த 2,61,746 குடும்பங்களை விசாரித்தது. நூற்று நாற்பது கோடி மக்களைப் பற்றி இத்தனை சொற்பக் குடும்பங்கள் சாட்சி சொல்ல முடியுமா என்று சிலர் ஐயுறுவர். சொல்ல முடியும், பட்டியலில் எந்த வீடும் விடுபடாமலும், குலுக்கலில் எவர் கையும் புகாமலும் இருந்தால் சொல்ல முடியும். அவ்விரண்டில் ஒன்று தவறினாலும், குடும்பங்களின் எண்ணிக்கையைப் பத்து மடங்கு பெருக்கினாலும் பிரயோஜனமில்லை.

சராசரி மறைப்பது

அக்கணக்கு சொல்வது யாது? அடுத்த சுற்றான 2023–24ஆம் ஆண்டில் இந்தியக் கிராமப்புறத்தில் ஓர் ஆள் ஒரு மாதத்தில் செலவிட்டது சராசரியாக 4,122 ரூபாய். நகர்ப்புறத்தில் 6,996 ரூபாய். தமிழ்நாட்டில் அத்தொகைகள் முறையே 5,701, 8,165. நாட்டின் சராசரியை விட நம் மாநிலம் மேலே நிற்கிறது என்பதில் நாம் திருப்தி கொள்வது நியாயமே. மற்றொரு நல்ல செய்தியும் உண்டு. உணவுக்குச் செல்லும் பங்கு குறையக் குறையக் குடும்பத்தின் நிலை உயர்கிறது என்று சாக்சனி நாட்டுப் புள்ளியியல் அறிஞர் எங்கெல் 1857ஆம் ஆண்டிலேயே கண்டுரைத்தார். அவ்வுரைகல்லில் தேய்த்துப் பார்த்தால், 1999–2000இல் நூற்றுக்கு 59.4 ஆக இருந்த இந்தியக் கிராமக் குடும்பத்தின் உணவுச் செலவுப் பங்கு, 2022–23இல் 46.38 ஆகத் தாழ்ந்திருக்கிறது. கஞ்சியோடு கழிந்த காலம் போய், பால், முட்டை, பேருந்துக் கட்டணம், கைபேசி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று செலவு பல கிளையாகப் பிரிந்த காலம் வந்திருக்கிறது.

ஆனால் சராசரி என்பது எவர் வீட்டுக் கணக்கும் ஆகாது. பத்துக் குடும்பங்கள் உள்ள ஒரு வளவில் ஒன்பது குடும்பங்களுக்கு மாதம் பத்தாயிரமும் ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரமும் வருமானம் என்று வைத்துக்கொண்டால், சராசரி இருபதாயிரம். அந்த இருபதாயிரத்தில் வாழும் குடும்பம் அவ்வளவில் ஒன்றுகூட இல்லை. ஏலக் கொட்டகையில் பி.டி. ரகத்தையும் தரத்தில் தாழ்ந்த கொட்டு ரகத்தையும் ஒன்றாகக் குவித்து ஒரே சராசரி விலை கூறினால் நீங்கள் ஒப்புவீர்களா? பருத்திக்குக் காட்டும் அந்த நியாயத்தை மனிதருக்கும் காட்ட வேண்டுமென்பதே ஏற்றத்தாழ்வை ஆராய்வோரின் கோரிக்கை. 2022–23ஆம் ஆண்டுக் கணக்கை அவ்வாறு தரம் பிரித்துப் பார்த்தால், கிராமப்புறத்தின் அடித்தட்டு நூற்றுக்கு ஐந்து பேரின் தலைக்கான மாதச் செலவு 1,373 ரூபாய். மேல்தட்டு நூற்றுக்கு ஐந்து பேருடையது 10,501 ரூபாய். நகரத்தில் அவை 2,001, 20,824. கிராமத்தில் ஏழரை மடங்குக்கு மேலும் நகரத்தில் பத்து மடங்குக்கு மேலும் உள்ள இந்த இடைவெளியைச் சராசரி ஒருபோதும் வாய்திறந்து சொல்லாது.

எதை அளக்கிறோம்

ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் அடக்கிச் சொல்வதற்கு கினி குறியீடு என்று ஓர் அளவு வழங்குகிறது. எல்லோருக்கும் சமமாயிருந்தால் அது பூஜ்யம். எல்லாம் ஒருவனிடமே இருந்தால் ஒன்று. நுகர்வுச் செலவுக் கணக்கின்படி இந்தியக் கிராமப்புறத்தின் கினி, 2022–23இல் 0.266 ஆகவும், மறு ஆண்டில் 0.237 ஆகவும் இருந்தது. இதைப் பார்த்து, இந்தியா உலகின் சமத்துவமிக்க நாடுகளுள் ஒன்று என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. ஆனால் வருமான வரிப் பதிவுகளையும் செல்வந்தர் பட்டியல்களையும் கணக்கெடுப்போடு இணைத்து ஆராய்ந்த பொருளியலாளர் பிக்கெட்டி முதலானோர், 2022–23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 விழுக்காடும், செல்வத்தில் 40.1 விழுக்காடும் உச்சியிலுள்ள நூற்றுக்கு ஒருவர் கையில் இருப்பதாக 2024ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஒரே நாடு, ஒரே ஆண்டு. எனில் எக்கணக்கு மெய்?

அளக்கப்பட்ட பொருள் வேறு வேறாக இருப்பதே இம்மாறுபாட்டுக்கு முதற்காரணம். நம் வட்டாரத்திலிருந்தே ஓர் உதாரணம் காண்போம். ரிக் வண்டிகள் சிலவற்றை உடையவர் ஒருவரும், அவ்வண்டியில் ஆறு மாதம் வடநாட்டில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டிவிட்டு ஊர் திரும்பும் தொழிலாளி ஒருவரும் உண்ணும் அரிசியின் விலையில் எவ்வளவு பெரிய பேதம் இருந்துவிட முடியும்? பேதமெல்லாம் வண்டியில் இருக்கிறது. நிலத்தில், மனையில், வங்கி இருப்பில், பிள்ளைகளின் படிப்பில் இருக்கிறது. நுகர்வைக் கேட்கும் கணக்கு அவற்றைத் தொடாது. உடைமையைக் கேட்டால் காட்சி மாறும். 2019ஆம் ஆண்டின் கடன் மற்றும் முதலீட்டுக் கணக்கெடுப்பு அவ்வாறு கேட்டபோது, கிராமப்புறத்து உடைமையில் 50.8 விழுக்காடு மேல்தட்டுப் பத்தில் ஒரு பங்கினரிடமும், வெறும் 10.2 விழுக்காடு கீழ்த்தட்டுப் பாதிப் பேரிடமும் இருப்பது புலனாயிற்று. இரண்டாவது காரணம், பெருந்தனவந்தர் வீட்டு வாயிற்காப்போனைத் தாண்டிக் கேள்வித்தாள் உள்ளே செல்வது அரிது என்பது. ஏழை தன் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து அமரச் செய்து, அரை நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு பதில் சொல்கிறான். செல்வனோ ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லிவிடுகிறான். ஆகவே குடும்பக் கணக்கெடுப்பு காட்டும் ஏற்றத்தாழ்வு, மெய்யான ஏற்றத்தாழ்வின் குறைந்தபட்ச அளவென்று கொள்வதே விவேகம்.

எப்படிக் கேட்கிறோம்

கேள்வியின் வடிவம் எத்தனை பெரிய வினையை விளைக்கும் என்பதற்கு நம் தேசத்தின் அனுபவமே பிரமாணம். சென்ற முப்பது நாளில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்பதே தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் நெடுநாள் வழக்கமாக இருந்தது. 1999–2000இல் நடந்த 55ஆம் சுற்றில், உணவுப் பொருள்களுக்கு ஏழு நாள் கணக்கையும் முப்பது நாள் கணக்கையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாகக் கேட்டார்கள். இரண்டு கட்டமும் அருகருகே இருந்தால், பதில் சொல்பவரும் எழுதுபவரும் ஒன்றை மற்றொன்றோடு ஒத்துப்போகச் செய்வது மனித இயல்பு. 1993–94இல் நூற்றுக்கு 36 ஆக இருந்த வறியோர் தொகை, 26 ஆக வீழ்ந்துவிட்டதாக அச்சுற்று கூறிற்று. வறுமை மெய்யாகவே குறைந்ததா, கேள்வித்தாள் குறைத்ததா என்று அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். குடும்பக் கணக்கெடுப்புகளை ஆராயும் முறைபற்றிப் பெருநூல் இயற்றி, 2015இல் நோபெல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் அவ்விவாதத்தில் முன்னின்றவர். பின்னர் 2017–18ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் முடிவுகள் தரத்தில் குறையுள்ளவை என்று கூறி அரசினரால் வெளியிடப்படாமலே போயின. 2011–12க்குப் பிறகு நாடு தன் முகத்தைக் கண்டது 2022–23இல்தான். அதற்குள் கேட்கும் முறையும் மாறி, ஒரே முறை சென்று கேட்பதற்குப் பதிலாக மூன்று முறை சென்று கேட்பது வழக்கமாயிற்று. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் நேருக்கு நேர் நிறுத்தி வெற்றி முழக்கமோ ஒப்பாரியோ எழுப்புமுன், இம்மாற்றத்தை நினைவுகூர்வது நலம்.

நம் பக்கத்து விசைத்தறிக் குடும்பம் ஒன்றை இக்கேள்வித்தாளோடு சந்திக்கச் செய்து பார்ப்போம். கணவன் தறி ஓட்டுகிறான். மனைவி தார் சுற்றுகிறாள், ஒரு ஷிப்டு அவளும் தறியில் நிற்கிறாள். கூலி வாரக் கூலி. மளிகை சந்தைக்குச் சந்தை. அவர்களுடைய ஞாபகம் வாரத்தை அளவாகக் கொண்டது. முப்பது நாள் கணக்கைக் கேட்டால் ஒரு வாரத்தை நாலால் பெருக்கிச் சொல்வார்கள், தீபாவளி வந்த வாரமும் பாவு இல்லாமல் தறி நின்ற வாரமும் அப்பெருக்கலில் காணாமற் போய்விடும். கடன் உண்டா என்று கேட்டால், "கடன்னு ஒண்ணும் இல்லைங்க, தறிக்காரருகிட்ட முன்பணம் வாங்கியிருக்கறமுங்க, அது கூலியிலே கழியுமுங்க" என்று விடை வரும். கேள்வித்தாளில் கடன் என்னும் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு மேலே சென்றால், அக்குடும்பத்தின் வாழ்க்கையையே கட்டிப்போட்டிருக்கும் ஒரு தொகை கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. ஏனெனில் அம்முன்பணம் தீரும்வரை அவன் வேறொரு தறிப்பட்டறைக்குப் போக முடியாது. கூலி உயர்வு கேட்கும் குரலும் தாழ்ந்தே ஒலிக்கும். புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் கடலூர், விழுப்புரம் பகுதிக் கிராமங்களில் 2010 முதல் மீண்டும் மீண்டும் சென்று, ஒவ்வொரு கடனுக்கும் கொடுத்தவர் யார், அவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள உறவென்ன, ஈடு என்ன என்று விரித்துக் கேட்டு வருவது இக்குறையை உணர்ந்தே. 2016 நவம்பரில் பெரிய நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோது அவர்கள் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. கையில் பணமற்றுப்போன நாள்களில் ஏழைகள் எவ்விதம் ஒருவரையொருவர் சார்ந்து நின்றார்கள் என்பதை அதனாலேயே அவர்களால் எழுத முடிந்தது.

நியாயவிலைக் கடையிலிருந்து விலையின்றி வரும் அரிசியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதும் சிறிய கேள்வியன்று. காசு கொடாததால் செலவில்லை என்றால் உண்டது உண்ணாததாகிவிடும். 2022–23இல் அத்தகைய இலவசப் பொருள்களுக்கு விலை மதித்துச் சேர்த்தபோது, இந்தியக் கிராமத்துச் சராசரி 3,773 ரூபாயிலிருந்து 3,860 ஆயிற்று.

வீட்டுக்குள்ளும் வகுப்புக்குள்ளும்

இதுகாறும் குடும்பம் என்பதைப் பிளவற்ற ஓர் அணுவாகக் கொண்டு பேசினோம். குடும்பத்தின் செலவைத் தலைகளால் வகுத்து ஒவ்வொருவருக்கும் இவ்வளவென்று எழுதுவது கணக்குக்கு எளிது. ஆனால் சட்டியில் உள்ள குழம்பு அவ்விதம் வகுபடுவதில்லை. மேரிலாந்துப் பல்கலைக்கழகமும் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக் குழுவும் சேர்ந்து 2004–05இலும் 2011–12இலும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களில் நடத்திய இந்திய மனித வளர்ச்சிக் கணக்கெடுப்பு, வருமானத்தோடு நில்லாமல், வீட்டில் ஆண்கள் முதலில் உண்கிறார்களா, பெண்கள் பிறகு உண்கிறார்களா, மருத்துவரிடம் போகப் பெண் எவருடைய அனுமதியைக் கேட்க வேண்டும் என்பன போன்றவற்றையும் கேட்டது. இக்கேள்விகளை அற்பமென்று எண்ணுவோர், 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 851 பேரே இருந்தனர் என்பதையும், பெண் சிசுக்கொலையைத் தடுக்கும்பொருட்டு வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் அம்மாவட்டத்திலேதான் தொடங்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வருமானக் கணக்கில் முன்னேறி நின்ற வீடுகளும் அந்தக் குறைவில் பங்குகொண்டவை. ஒரே கூரையின் கீழ் உள்ள ஏற்றத்தாழ்வு, கூரைக்கு வெளியே நின்று கேட்டால் தென்படாது.

அதே கணக்கெடுப்பின் இரண்டாம் சுற்றில் மற்றொரு கேள்வி இருந்தது. உங்கள் வீட்டில் எவரேனும் தீண்டாமை பாராட்டுகிறார்களா என்று முதலில் கேட்டார்கள். இல்லை என்றவர்களிடம், தாழ்த்தப்பட்டவர் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வரலாமா, உங்கள் பாத்திரங்களைப் புழங்கலாமா என்று தொடர்ந்து கேட்டார்கள். சட்டத்துக்கும் நாகரிகத்துக்கும் அஞ்சி முதற்கேள்விக்கு இல்லையென்றவருள் ஒரு பகுதியினர், சமையலறையின் நிலைப்படியில் நின்றுவிட்டார்கள். இரண்டு விடைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, இந்தியக் குடும்பங்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டில் ஏதேனும் ஒரு வடிவில் தீண்டாமை நிலவுவதாகத் தெரிந்தது. கோட்பாட்டைக் கேட்டால் கோட்பாடே விடையாக வரும். நடத்தையைக் கேட்டால்தான் நடத்தை வெளிப்படும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் நான் அறியேன்.

வகுப்புப் பிரிவினையிலும் இதே கவனம் வேண்டும். தேசியக் கணக்குகள் மக்களைப் பழங்குடியினர், தாழ்த்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர், ஏனையோர் என நான்காகப் பிரிக்கின்றன. நம் பகுதியில் கிணறும் தோட்டமும் உடைய பெருங்குடியானவரும், சவரத் தொழில் செய்து வாழ்பவரும் பிற்படுத்தப்பட்டோர் என்னும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுவர். தாழ்த்தப்பட்டோருள்ளும் அருந்ததியர் நிலை தனித்து ஆராயத்தக்கதென உணர்ந்தே தமிழக அரசு 2009இல் அவர்களுக்கு மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியது; இத்தகைய உட்பிரிவு செல்லுமென்று 2024 ஆகஸ்ட் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அரசியலும் நீதியும் கண்டுகொண்ட பேதத்தைத் தேசியக் கணக்கெடுப்பின் அட்டவணை இன்னும் காணவில்லை.

இக்கட்டங்கள் ஏட்டோடு நிற்பவையல்ல. தமிழக அரசின் மகளிர் உரிமைத் தொகைக்கு 2023இல் விண்ணப்பம் வாங்கியபோது, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்கு உட்பட வேண்டும், நன்செய் ஐந்து ஏக்கருக்கோ புன்செய் பத்து ஏக்கருக்கோ மேற்படலாகாது என்றெல்லாம் எல்லை வகுத்தார்கள். இங்கே, ஆழ்குழாய்க் கிணற்றில் நீர் ஊறும் எட்டு ஏக்கர்த் தோட்டமும், வானம் பார்த்த எட்டு ஏக்கர் மேட்டுக்காடும் வருவாய்த்துறைப் பதிவேட்டில் பெரும்பாலும் ஒன்றுபோலப் புன்செய்யே. எல்லை வகுப்பவர் நிலத்தடி நீரைக் கேட்காவிட்டால், இரு வேறு வாழ்க்கைகள் ஒரே எண்ணுக்குள் வந்துவிடுகின்றன.

திரும்பிச் செல்லும் கணக்கு

அகலமான மாதிரிக் கணக்கெடுப்பு நாட்டைக் காட்டும்; ஓர் ஊரின் உறவுகளைக் காட்ட, அவ்வூருக்கே திரும்பத் திரும்பச் செல்லும் ஆய்வு வேண்டும். இத்துறையில் தமிழகத்துக்கு ஒரு கீர்த்தி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களின் கையில் கேள்வித்தாளைக் கொடுத்துக் கிராமங்களை ஆராயச் செய்தார். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, இருவேல்பட்டு, தூசி முதலிய ஊர்களின் கணக்கு 1918இல் நூலாயிற்று. அவருக்குப் பின் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1936–37இல் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்து, 1940இல் வெளியிட்டனர். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் அவ்வூர்கள் மறுபடியும் ஆராயப்பட்டன. தமிழக அரசின் நிதித்துறைச் செயலராயிருந்து பின் ஆய்வாளரான எஸ். குகன் அதற்கு முன்நின்றவர். அவற்றுள் இருவேல்பட்டை 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் மேலும் ஒருமுறை ஆராய்ந்தனர்.

தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளில் ஓர் ஊரின் கதி எப்படிச் சென்றது என்பதை அவ்வேடுகள் கூறுகின்றன. 1916இல் சிறு கடனுக்காகத் தலைமுறைதோறும் ஒரே நிலக்கிழாரிடம் கட்டுண்டு கிடந்த படியாள், கடைசி ஆய்வில் இல்லை. நிலக்கிழார் குடும்பத்தின் ஆதிக்கம் தளர்ந்திருக்கிறது. நிலமற்றோர் ஊருக்கு வெளியே வேலை தேடிச் சென்று, உள்ளூர்த் தயவிலிருந்து பெரிதும் விடுபட்டிருக்கிறார்கள். எந்த ஓர் ஆண்டின் கணக்கும் தனித்து நின்று இக்கதையைச் சொல்லியிராது. முதலில் எழுதியவர்கள் செம்மையாக எழுதி வைத்ததாலேயே பின்வந்தவர்களால் ஒப்பிட முடிந்தது.

ஸ்லேட்டரின் ஊர்ப்பட்டியலில் கொங்கு நாட்டின் மேட்டுக்காட்டு ஊர் எதுவும் இத்தகைய தொடர்ச்சியோடு இடம்பெறவில்லை என்பது நமக்கொரு குறை. ஆகவே இவ்வறக்கட்டளையாரிடமும், இங்குள்ள கல்லூரி ஆசிரியர்களிடமும் ஒரு விண்ணப்பத்தை வைக்கத் துணிகிறேன். மல்லசமுத்திரம் ஒன்றியத்தில் ஒரே ஓர் ஊரைத் தெரிந்தெடுத்து, அதிலுள்ள வீடுகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் எழுதும் பணியை மாணவர்களைக் கொண்டு தொடங்குங்கள். ஏழு அல்லது பத்து ஆண்டுக்கு ஒருமுறை அதே ஊருக்குத் திரும்புங்கள். கேள்வித்தாளில் ஏக்கரோடு கிணற்றின் ஆழத்தையும் நீரையும் எழுதுங்கள்; கடனோடு முன்பணத்தையும், சீட்டையும், மகளிர் குழுக் கடனையும் தனித்தனியே எழுதுங்கள்; ரிக் வண்டியில் வடநாடு போனவனின் சம்பளத்தோடு அவன் இல்லாத மாதங்களில் வீட்டை நடத்தியவளின் உழைப்பையும் எழுதுங்கள்; குடும்பத் தலைவரை மட்டும் கேளாமல், அவர் எழுந்து சென்றபின் அவர் மனைவியையும் தனியே கேளுங்கள். காலனி வீடுகளுக்குக் காலனி மாணவர் மட்டும் போவதென்றும் ஊர் வீடுகளுக்கு ஊர் மாணவர் மட்டும் போவதென்றும் ஏற்பாடு செய்யாதீர்கள். எவ்வீட்டுத் திண்ணை எவருக்கு விரிந்தது, எவருக்கு நின்றபடியே விடை கிடைத்தது என்பதும் ஏற்றத்தாழ்வின் கணக்கில் ஒரு வரிதான்.

இவற்றோடு ஒரு நிபந்தனை. வீட்டார் நம்பிச் சொன்ன ரகசியம் எவர் பெயரோடும் வெளியே வரலாகாது. ஆனால் ஊரின் மொத்தக் கணக்கு அவ்வூருக்கே முதலில் சொல்லப்பட வேண்டும். தில்லிக்கும் சென்னைக்கும் போகும் புள்ளிவிவரம், அதைத் தந்தவர்களின் கிராம சபைக்கு வருவதில்லை. தம் ஊரில் நிலம் யாரிடம் எவ்வளவு குவிந்திருக்கிறது, பெண்ணின் கூலி ஆணின் கூலியில் எத்தனை பங்கு, எந்தத் தெருப் பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறார்கள் என்பதை ஊரார் கூடிய இடத்தில் எண்ணாகப் படித்துச் சொல்லிப் பாருங்கள். மறுப்பவர்கள் எழுவார்கள், கணக்குத் தவறென்பார்கள், வாருங்கள், சேர்ந்து மீண்டும் எண்ணுவோம் என்று அவர்களையும் அழைத்துக்கொள்ளலாம். அவ்வழைப்பை அவர்கள் ஏற்கும் நாளில், கணக்கு ஆய்வாளர் சொத்தாக இருந்த நிலை மாறி ஊரின் பொதுச்சொத்தாகிறது.

இப்பணியைத் தொடங்க முன்வரும் மாணவர் எவராயினும், கேள்வித்தாள் எழுதும் வேலையில் துணைநிற்க நான் சித்தமாயிருக்கிறேன்.